ஜோவன்னாவின் குரலில் ஒரு நாவல்

ஜெரார்ட் அண்ணன் தன் அறுபத்தேழு வயதில் அனுபவித்த ஒரே நாவல் ஒரு மாயக்கதை. அதையும் அவர் வாசிக்கவில்லை, காதால் கேட்டார். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ட்யூட்டி அட்டவணையும் பூசைப் புத்தகமும் தவிர வேறு வாசிப்பு கிடையாது. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்ற பிறகு அதுவும் போயிற்று. இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். நான் எலைஜா, அவரோடு ஒரே டிப்போவில் ஓட்டியவன், ஆறு வயது இளையவன். அந்த நாவலை அவர் காதில் மாட்டிவிட்டவன் நான்தான்.

குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றின் நான்காம் மாடியில் அவர் தனியாக இருந்தார். செவ்வாயும் வியாழனும் காலையில் நான் போவேன். ஊசி சரியாகப் போட்டாரா, சோறு சாப்பிட்டாரா, கேஸ் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிப்போவேன். அவருக்குச் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி, கோப்பி-ஓ; எனக்கு நுரை வர ஆற்றிய பால் டீ, தே தாரே. அரை மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, எதையாவது கிளறுவேன். வம்பு இழுத்தால்கூட வாயைத் திறக்காத மனுஷனோடு உட்கார்ந்திருப்பது எத்தனை கொடுமை என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் பேசாமல் போனதற்குக் காரணம் கண் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் உர்சுலா அக்கா, அவர் மனைவி, கணையத்தில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். கண்டுபிடித்ததிலிருந்து பதினோரு வாரம். ஒரே மகள் ஜோவன்னா அப்போது மெல்பர்னில் நாடகம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம், கடைசி அரங்கேற்றம். "அவகிட்ட சொல்லாதீங்க, முடிச்சிட்டு வரட்டும்" என்று அக்காதான் சொன்னார். நம் வீடுகளில் இது புதிதா என்ன? பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தாத்தா செத்ததைக்கூட ஒரு வாரம் கழித்துச் சொல்வோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்வோம்.

ஆகவே ஜோவன்னா போன் செய்யும்போதெல்லாம் ஜெரார்ட் அண்ணன் பொய் சொன்னார். அம்மா தூங்குறா. அம்மா பூசைக்குப் போயிருக்கா. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, நாளைக்குப் பேசுவா. அக்காவுக்கு ஓரளவு பேச முடிந்த ஒரு நாளில் மட்டும் போனைக் கையில் கொடுத்தார். தாயும் மகளும் ஐந்து நிமிஷம் துணி துவைக்கும் மெஷினைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு ஒன்பது நாள் கழித்து அக்கா இறந்தார்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டி வைத்திருந்தபோது விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வந்தாள் ஜோவன்னா. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் கத்தவில்லை. "நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன் டாடி. அம்மா ஓகேவான்னு கேட்டேன். என் அம்மாகிட்ட நான் கடைசியா பேசினது வாஷிங் மெஷின் பத்தி" என்றாள். அடக்கம் முடிந்ததும் கேலாங்கில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். அக்காதான் மறைக்கச் சொன்னார் என்று ஜெரார்ட் அண்ணன் ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை. செத்தவள் மேல் பழி போடமாட்டேன் என்றார். போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. பண்டிகைக்கு ஒரு வரிச் செய்தி வரும், அதை நான் வாசித்துக் காட்டுவேன்.

இந்த நிலையில்தான் போன லெந்து தவக்காலத்தில், எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடும் செரினா என்னைப் பிடித்தாள்.

"அங்கிள், லைப்ரரி ஆப்ல புதுசா ஒரு தமிழ் ஆடியோபுக் வந்திருக்கு. வாய்ஸ் யாருன்னு பாருங்க. ஜோவன்னா ஜெரார்ட்."

அவள் போனைக் காட்டினாள். பாதாள வழித்தடம் என்று நாவலின் பெயர், கீழே ஜோவன்னாவின் பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவர் போனில் ஏற்றி இயர்ஃபோனை மாட்டிவிட்டேன். எதுவும் சொல்லவில்லை, கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஜோவன்னா பன்னிரண்டு வயதிலிருந்து தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்தவள். நீண்ட வாக்கியத்துக்கு முன்னால் எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒரு கணம் நின்று தொடங்குவாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து நூறு முறை கேட்ட தகப்பனுக்கு அந்த ஒரு கணமே போதுமாக இருந்தது.

"என் பிள்ள லா இது" என்றார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு. நாவல் என்னவென்றால், வைதேகி என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஃபேரர் பார்க் பக்கத்து புளோக் ஒன்றில் லிஃப்டைப் பழுது பார்க்கும்போது எண் இல்லாத ஒரு பொத்தானைப் பார்க்கிறாள். அமுக்கினால் லிஃப்ட் கீழே, கீழே, எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்கும் கீழே போகிறது. அங்கே இன்னொரு ரயில் நிலையம். செத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், நம் ஊர் ஆட்களாயிற்றே, பிளாட்பாரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நிற்கிறார்கள். காக்காய்த் தலை வைத்த அதிகாரிகள் பயண அட்டையைத் தட்டச் சொல்கிறார்கள். எனக்கு இந்த வகை எழுத்தில் சுத்தமாகப் பொறுமை கிடையாது. ஜெரார்ட் அண்ணன் நிதானமாக, வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்பது மணி நேரப் புத்தகத்தைப் பன்னிரண்டு மணி நேரமாக இழுத்தார். நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் கேட்கமாட்டார், தீர்ந்துவிடும் என்ற பயம்.

ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுவே அதிசயம்.

"இத எழுதின ஆளுக்கு ரோடு தெரியல எலைஜா. சிராங்கூன் ரோட்ல தேக்கா மார்க்கெட்டப் பார்த்து பஸ் வருதாம். ஒன்வே லா அது. நேரா மோதிக்க வேண்டியதுதான்."

"செத்தவங்க ரயில்ல போறத நம்புறீங்க, பஸ் எதிர்ல வர்றத நம்ப மாட்டீங்களாண்ணே?"

"ரயிலு நமக்குத் தெரியாது. பஸ்ஸு தெரியும்."

சிரித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஒரு சனிக்கிழமை தேக்காவுக்கு மீன் வாங்கக் கூட்டிப்போனேன், அங்கிருந்து ஃபேரர் பார்க் வரை நடக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். வெயிலில், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தோம். பூக்கடை வாசனை வந்த இடத்தில் நின்று, வைதேகி காக்காய்த் தலையனிடமிருந்து தப்பி ஓடியது இந்தச் சந்தில்தான் என்றார். ஒரு புளோக்கின் லிஃப்ட் வாசலில் நின்று, உள்ளே கூட்டிப்போய்ப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். கூடவே ஏறிய ஒரு மலாய்ப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு எண் இல்லாத பொத்தான் வேண்டும் என்று இல்லை. மகள் வாயால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கதையில் வைதேகியின் தாய் இறந்துபோனவள். அவளை ரயிலேற்றி அனுப்பியது வைதேகியின் தகப்பனே, அந்தப் பாதாள நிலையத்தில் அவர் காவலாளி. மகளிடம் சொல்லாமல் ஏற்றிவிட்டார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இது வெளியாகிறது. அன்றைக்கு ஜெரார்ட் அண்ணன் காப்பிக்கடைக்கு வரவில்லை. சட்டைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவ வேணும்னே இந்தக் கதைய எடுத்திருக்கா" என்றார். "என்னைப் பத்தித்தான்."

"கதை எழுதினது யாரோண்ணே. அவ வாசிக்கிறா."

"எவ்வளவோ புக்கு இருக்கு. இத ஏன் எடுத்தா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தை ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டார். நான் போனபோது கதவு திறந்தே கிடந்தது. ஒரு இயர்ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார், கேள் என்றார். நான் நின்றபடியே கேட்டேன். வைதேகி தன் தகப்பனைப் பிளாட்பாரத்தின் கோடியில் கண்டுபிடிக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாள். ரயில் வருகிற சத்தம். அப்புறம் ஜோவன்னாவின் குரல், அந்த விழுங்கல், அந்த ஒரு கணம். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லப்பா. சொல்ல முடியாம நீங்க தனியா நின்னீங்க. எனக்கு அது இப்பத்தான் புரியுது." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. நடிப்பு என்று சொல்ல முடியாது. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவ உங்கள டாடின்னுதானே கூப்பிடுவா" என்று மட்டும் கேட்டேன். ஏனோ மனசு ஒட்டவில்லை.

"கதைல அப்படி எழுதியிருக்கு லா. அத மாத்த முடியுமா? அழுதத யாரு எழுதிக் கொடுத்தா?"

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். அந்த அத்தியாயத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார், அதைத் தாண்டிப் போகவில்லை. சவரம் செய்துகொண்டார். உர்சுலா அக்காவின் அலமாரியைத் திறந்து காற்றோட விட்டார். இத்தோடு நின்றிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செரினாவைப் பிடித்துக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போய் அடுத்த ஞாயிற்றுக்கு நன்றிப் பூசை கேட்டுவிட்டார். எங்கள் தமிழ்ப் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதைத் தொடங்குவதற்கு முன் மைக்கில் வாசிப்பார்கள், வாராந்தரத் தாளிலும் போடுவார்கள். வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அரசு வீட்டுக் குலுக்கலில் பேலட் விழுந்தது என்று வரும். கிடைத்த பிறகு நன்றி சொல்வதுதான் முறை. இவர் தனக்குக் கிடைத்துவிட்டது என்று நம்பினார்.

தாளில் இப்படி வந்தது: தன் மகள் ஜோவன்னா தன்னை மன்னித்து ஏற்றுக்கொண்டதற்காக இறைவனுக்கு நன்றி, ஜெரார்ட், குவீன்ஸ்டவுன்.

படித்ததும் அவரிடம் ஓடினேன். அவளிடம் பேசினீர்களா என்று கேட்டேன். பூசைக்கு வரச்சொல்லி செரினாவை விட்டுச் செய்தி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். செரினா, மகராசி, செய்தியோடு தாளையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான். இதில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் ஒருவர்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜோவன்னா வந்தாள். ஓஃபிர் ரோட்டுக் கோயிலுக்குள் வாசகம் முடிந்த நேரத்தில் நுழைந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். வந்துட்டா என்று அவர் காதில் சொன்னேன். அவர் பாடல்களைச் சத்தமாகப் பாடினார். சுருதியே சேராத குரல் அவருடையது, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் நாலைந்து பேர் வந்து கையைக் குலுக்கி, சந்தோஷம் ஜெரார்ட், ஆண்டவர் நல்லவர் என்றார்கள். அவர் எல்லோரிடமும் ஆமாம், ஆமாம் என்றார்.

கோயிலுக்குப் பின்னால் கேன்டீனில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தோம். ஜோவன்னா எங்கள் எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"யாரு டாடி சொன்னா, நான் மன்னிச்சேன்னு?"

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நீதான்மா. இருபத்திரண்டாம் அத்தியாயத்துல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாவலின் பெயரைச் சொன்னேன். அவர் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொன்னார், ஒரு வார்த்தை பிசகாமல், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி.

ஜோவன்னா இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "டாடி, அந்த புக்க நான் பார்த்ததுகூட இல்ல."

"உன் குரல்மா அது."

"என் குரல்தான். போன வருஷம் ஒரு கம்பெனிக்கு வாய்ஸ் குடுத்தேன். நாலு நாள் ஸ்டூடியோவுல உக்காந்து சம்பந்தமே இல்லாத சென்டன்ஸா படிச்சேன். சந்தோஷமா, சோகமா, கோபமா. அத வச்சு கம்ப்யூட்டர் என் குரல்ல எது வேணாலும் படிக்கும். சாப்பாட்டுக்கடை மெனுவ குடுத்தாலும் படிக்கும். எந்த புக்குன்னு எனக்குச் சொல்லக்கூட மாட்டாங்க."

"அழுதியேம்மா."

"நான் அழல டாடி."

நான் மெல்ல அவர் போனை எடுத்தேன். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். ஜோவன்னாவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: இவரது குரலைக் கொண்டு கணினி உருவாக்கிய வாசிப்பு. செரினாவின் போனில் நான் படிக்காமல் விட்ட வரி. எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

பக்கத்து மேசையில் யாரோ பிள்ளைக்கு மீ கோரிங் நூடுல்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெரார்ட் அண்ணன் கையை மேசைமேல் நீட்டினார், அவள் எங்கே இருக்கிறாள் என்று சரியாகத் தெரியாமல், கொஞ்சம் இடது பக்கமாக.

"சரி. அது மெஷினு. இப்ப நீ இருக்க. கதைல வந்த மாதிரி எல்லாம் வேணாம்மா. கோபம் இல்லன்னு மட்டும் சொல்லு. ஒரு வார்த்த போதும்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். சொல்லித் தொலை பெண்ணே, பொய்யாக இருந்தால்தான் என்ன, ஒரு கண் தெரியாத கிழவனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"கோபம் இருக்கு டாடி" என்றாள். "நல்லதுக்குன்னு நீங்க சொன்ன பொய்க்குத்தானே நான் அன்னிக்கு அழுதேன். அதையே நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். சரிம்மா என்றார். அக்காதான் மறைக்கச் சொன்னார் என்பதை அப்போதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் மேசைக்கு அடியில் என் தொடையை அழுத்தினார். நானும் சொல்லவில்லை. ஜோவன்னா எழுந்து அவர் முழங்கையைப் பிடித்து, கேன்டீன் படியில் இறக்கி, வெளியே பஸ் ஸ்டாப் வரை கூட்டிவந்தாள். மெதுவாக, பொறுமையாக, படி வரும்போது சொல்லிச் சொல்லி. பஸ் வந்ததும் அவரை ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டாள்.

பஸ்ஸில் அவர் வழக்கம்போல் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "தப்பு என்னுதுண்ணே. கீழ எழுதியிருந்தத நான் அன்னிக்கே படிச்சிருந்தா இந்த அசிங்கம் நடந்திருக்காது" என்றேன்.

"படிக்காததே நல்லது" என்றார். "ரெண்டு வாரம் நல்லாத் தூங்குனேன்."

இரண்டு நிறுத்தம் கழித்துப் போனை என் மடியில் வைத்தார்.

"அத எடுத்துடு எலைஜா."

"இன்னும் மூணு அத்தியாயம் இருக்குண்ணே. மெஷினா இருந்தா என்ன, கேட்டுட்டுப் போங்களேன். குரல் அவளோடதுதானே."

"வேணாம். அவ சொல்ல மாட்டேன்னுட்டா. அவ சொல்லாதத அவ குரல்ல யாரும் சொல்லக் கூடாது."

நான் நீக்கினேன். போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அப்போதுதான் அழுதார், உர்சுலா அக்காவைக் குழியில் இறக்கிய நாளில்கூட அழாத மனுஷன், ஓடுகிற பஸ்ஸில், ஆட்கள் பார்க்க, வாயைக்கூட மூடிக்கொள்ளாமல். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குவீன்ஸ்டவுன் தாண்டிப் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.